ஏன் அம்பாந்தோட்டை?

அத்தியாயம் பதினொன்று

வீட்டுக்குப் பின்னால் ஒழுங்கையால் நடந்தால் ஐந்து நிமிடத்தில் கடல். பஸ் ஏறினால் அரை மணித்தியாலத்தில் நிலாவெளி. வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வந்து வெயில் காய்கிற மணல் அது. அதையெல்லாம் விட்டுவிட்டு, இருநூறு மைல் தாண்டி அம்பாந்தோட்டைக் கடற்கரையில் ஒரு கிழமை தங்கி வருவோம் என்று துவான் ஜுனைத் சொன்ன நாளிலிருந்து, அந்த வீட்டில் ஒருவரும் மற்றவர் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை.

ஜுனைத் மலாய்க்காரர். பிறந்தது அம்பாந்தோட்டையில். வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் டொக்யார்டில் ஸ்டோர்கீப்பர் வேலை கிடைத்துத் திருகோணமலைக்கு வந்தவர், மூதூர்ச் சோனக முஸ்லிம் குடும்பத்து ஸுல்பிகாவை நிக்காஹ் செய்தார். மனைவிக்குச் சீதனமாக எழுதிய வீட்டிலேயே குடியேறினார். இருபத்துமூன்று வருடமாயிற்று. பள்ளிவாசலில் முன் வரிசையில் நிற்பவர்தான். ஆனாலும் பின்னால் அவருக்குப் பெயர் ‘ஜாவா மாப்பிள்ளை’.

இந்த இருபத்துமூன்று வருடத்தில் அவர் ஒரு விடுமுறைக்கும் எவரையும் எங்கும் கூட்டிப் போனதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை கொழும்பில் கந்தோர் வேலை என்று நாலு நாள் தனியாகப் போய் வருவார். அவ்வளவுதான்.

அன்று வியாழக்கிழமை. எழுபத்துநாலாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் எட்டாந் தேதி. கிணற்றடியில் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஜுனைத் முகம் வழித்துக்கொண்டிருந்தார். ஸுல்பிகா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

“இஞ்சருங்க. தென்கடல் இந்த மாசத்தில கொந்தளிச்சுக் கிடக்குமாமே. காக்கா சொன்னார். கால் நனைக்கவும் ஏலாதாம்.”

“பார்க்கலாம்தானே.”

“பார்க்கிறதுக்கா இருநூறு மைல்?”

அவர் சவரக்கத்தியை வாளித் தண்ணீரில் அலம்பினார். அலம்பிய கத்தியை மறுபடியும் அலம்பினார்.

“ஒருக்கா வந்து பாரு ஸுல்பிகா. ஒரே ஒருக்கா.”

“நிலாவெளிக்குப் போவம். பத்து மைல். குளமாட்டம் கிடக்கு கடல். அசனாவும் ஆசைப்படுறா.”

“ஏலாது. லீவு எடுத்தாச்சு. பதினாறாந் தேதி விடிய பஸ்.”

“லீவு எடுத்தா நிலாவெளிக் கடல் பூட்டிப் போடுமா?”

ஜுனைத் தேத்தண்ணியை நின்றபடியே குடித்தார், சப்பாத்தை மாட்டினார், டொக்யார்ட் சங்கு ஊத முன்னமே படலையைத் திறந்துகொண்டு போய்விட்டார். இத்தனை காலத்தில் அவர் கெஞ்சி ஸுல்பிகா கேட்டதில்லை. ‘ஒரே ஒருக்கா’ என்று அவர் சொன்ன விதம்தான் அவளைச் சந்தேகப்பட வைத்தது. கெஞ்சுகிற மனிதர் எதையோ ஒளிக்கிறார்.

செவ்வாய்க்கிழமை அவள் கண்டெடுத்து ஒளித்த கடிதம் அலுமாரியின் அடித்தட்டில், சேலைகளுக்குக் கீழே இருந்தது. கணவர் தான் வாங்கி வந்த பஸ் நேர அட்டவணைப் புத்தகத்துக்குள் அதை மடித்து வைத்திருந்தார். இரண்டு நாளாக அவள் அதை ஒருவருக்கும் காட்டவில்லை, மூதூருக்கு லோஞ்ச் படகில் ஆளனுப்பிக் காக்காவை, தன் தமையனை, மட்டும் வரச் சொல்லியிருந்தாள். இன்று மகளைக் கூப்பிட்டாள்.

“அசனா, கதவைச் சாத்திப்போட்டு வா.”

அசனாவுக்கு இருபத்திரண்டு வயது. ஒரே பிள்ளை. தபால் கந்தோரில் டெலிபோன் ஒபரேட்டர். வேலைக்கு வெளிக்கிட்டு நின்றவள் கைப்பையோடு வந்து கட்டிலில் இருந்தாள்.

“இது என்ன உம்மா, அரபா?”

“எழுத்து அரபு. பாஷை மலாய். அந்த மனிசர் பழைய ஆக்கள் இப்படித்தான் எழுதுவாங்க.”

ஸுல்பிகா குர்ஆன் ஓதுகிறவள். எழுத்துக் கூட்டுவதில் அவளுக்குச் சிரமமில்லை. சில எழுத்துகளுக்குப் புள்ளி கூடுதல், அதையும் சமாளித்துவிட்டாள். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். தொண்டையிலிருந்து சத்தம் வந்தது, அர்த்தம் வரவில்லை. சொந்தப் புருஷனின் பாஷை. இருபத்துமூன்று வருடத்தில் அவரும் சொல்லித் தரவில்லை, அவளும் கேட்கவில்லை.

“இதில எனக்கு மூண்டு சொல்தான் தெரியும். அனாக். அது புள்ள. உன்னைத் தொட்டில்ல போட்டு அப்படித்தான் கூப்பிடுவார். றூமா. அது வீடு. காவிங்.”

“காவிங் எண்டா?”

“கல்யாணம்.”

அசனா கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை.

“புள்ள, வீடு, கல்யாணம்,” என்றாள் ஸுல்பிகா. “உன்னையும் இந்த வீட்டையும் சேர்த்து அங்க குடுக்கப் போறார். கடல் பார்க்கப் போறமாம், கடல்! பொண்ணு காட்டக் கூட்டிப் போறார். தன்ட சாதிசனத்தில ஒருத்தனைப் பார்த்து வச்சிட்டார். கலீலுக்கு உன்னைத் தாறன் எண்டு நான் காக்காவுக்குச் சொன்னது தெரிஞ்சுதான் இந்த வேலை.”

கலீலுர் றஹ்மான், ஸுல்பிகாவின் காக்கா ஸைனுலாப்தீனின் மூத்த மகன்.

“என்னட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லயே உம்மா. நீங்களும் கேக்கேல்ல. வாப்பாவும் கேக்கேல்ல.”

“அத ஆறுதலாக் கதைப்பம். நீ இண்டைக்கு உன்ட போனில அம்பாந்தோட்டைக்குக் கதைச்சுப் பாரு. உங்கட வாப்பா அங்க எங்க தங்கப் போறார், ஆரோட கதைச்சு வச்சிருக்கிறார் எண்டு கேளு.”

“அது களவு உம்மா.”

“அவர் செய்யிறது என்ன?”

அசனா கைப்பையைத் தோளில் கொழுவினாள்.

பத்தரை மணிக்குப் பிறகு எக்ஸ்சேஞ்சில் நெரிசல் குறையும். பக்கத்துக் கதிரையில் பூரணி. இரண்டு பேரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

“ஒரு ட்ரங்க் கோல் எடுக்கப் போறன். மேற்பார்வையாளர் வந்தாச் சொல்லு.”

“ஆருக்கு?”

“பிறகு சொல்றன்.”

கொழும்பு கிடைத்தது. கொழும்பு மாத்தறைக்குக் கொடுத்தது. மாத்தறையிலிருந்து மெல்லிய இரைச்சலோடு அம்பாந்தோட்டை வந்தது. ஒரு பெண் குரல், சிங்களத்தில்.

அசனாவும் சிங்களத்திலேயே பேசினாள். திருகோணமலை எக்ஸ்சேஞ்சிலிருந்து பேசுகிறேன், வருகிற பதினாறாந் தேதி இங்கிருந்து துவான் ஜுனைத் என்ற ஒருவர் குடும்பத்தோடு வருகிறார், ரெஸ்ட் ஹவுஸில் அறை எடுத்திருக்கிறாரா என்று விசாரித்துச் சொல்ல முடியுமா என்றாள்.

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது.

“ரெஸ்ட் ஹவுஸா? ஏன், ஹபீபா தாத்தாவின் வீட்டில் இடமில்லையா?”

ஹபீபா, ஜுனைத்தின் மூத்த சகோதரி; அக்காவைத்தான் அவர்கள் தாத்தா என்பார்கள். பெயரை அசனா கேள்விப்பட்டிருக்கிறாள். ஆளைக் கண்டதில்லை.

“நீங்கள் யார் பேசுவது?” என்று அந்தக் குரல் கேட்டது.

“அவரின் மகள்.”



“எந்த மகள்?”

அசனாவுக்குக் காதில் மாட்டியிருந்த கருவி திடீரெனப் பாரமாயிற்று. ‘எந்த மகள் என்றால்? அவருக்கு நான் ஒருத்திதான்’ என்று வாயில் வந்தது. வந்ததை விழுங்கினாள். இப்போது மறுத்தால் இந்தக் குரல் அடங்கிவிடும்.

“திருகோணமலை மகள்,” என்றாள்.

குரல் சட்டென்று மாறிற்று. மளமளவென்று மலாயில் ஏதோ கேட்டது. அசனா திகைத்து நிற்க, குரல் திரும்பவும் சிங்களத்துக்கு வந்தது.

“மலாய் பேச வராதா? நீங்கள் மலாய்தானே?”

வேலைக்கு விண்ணப்பம் போட்ட நாளில் இனம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அசனா பேனாவை வைத்துக்கொண்டு இருந்தாள். ‘சோனகர் எண்டு போடு, இஞ்ச அதுதான் நல்லது’ என்று ஸைனுலாப்தீன் மாமா தலைக்கு மேலே நின்று சொன்னார். வாப்பா கதிரையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். பத்திரிகையைத் தாழ்த்தவேயில்லை. அவள் சோனகர் என்று எழுதினாள்.

“ஓம், மலாய்தான்,” என்றாள் இப்போது. “பேசத்தான் வராது.”

“பரவாயில்லை. ரஹினாவுக்குச் சொன்னால் சந்தோஷத்தில் குதிப்பாள். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். தங்கச்சி, தங்கச்சி என்று சின்ன வயதிலிருந்தே உங்களைப் பற்றித்தான் கதை. பதினெட்டாந் தேதி நிக்காஹ். ஹபீபா தாத்தா மூன்று மாதமாகப் பலகாரத்துக்கு மா சேர்க்கிறார். இந்தப் பஞ்சத்தில் மா கிடைக்கிறதா? உங்கள் தகப்பனார் வந்து வலியாக, பெண்ணின் பொறுப்பாளராக, நின்று கைப்பிடித்துக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று இவள் ஒற்றைக்காலில்...”

“மூன்று நிமிடம்,” என்று கொழும்பு குறுக்கிட்டது. லைன் அறுந்தது.

பூரணி திரும்பிப் பார்த்தாள். “என்னடி, முகம் வெளிறிப் போச்சு? ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதே?”

“எனக்கொரு தாத்தா இருக்கிறா, பூரணி.”

“ஆர் சொன்னது?”

 பலகையில் மூன்று விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அசனா வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துச் செருகினாள்.

அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது மணி இரண்டரை. முன் விறாந்தையில் ஸைனுலாப்தீன் மாமா இருந்தார். மதிய லோஞ்சில் வந்திருந்தார். கொண்டுவந்த பாரைமீனைத் தின்றுவிட்டு, வெற்றிலைத் தட்டோடு சாய்ந்திருந்தார். மூதூரில் பெரிய கடைக்காரர். தகப்பன் இறந்த பிறகு ஸுல்பிகாவுக்கு அவர்தான் தகப்பன்.

“இந்த ஜாவா மனிசரை நம்பேலாது எண்டு நான் எத்தினை தரம் சொல்லியிருக்கன்?” என்று அவர் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “சிரிச்சுச் சிரிச்சுத்தான் இருப்பாங்க. வாயில வாறது ஒண்டு, வயித்தில கிடக்கிறது வேற. நீ அங்க போகவே கூடாது. விளங்கிச்சா? புள்ளையையும் அனுப்பப்படாது. அவர் போறதெண்டாத் தனியப் போகட்டும்.”

“அதுதான் காக்கா நானும் சொல்றன். ஆனா ஏன் இப்படி அடம்பிடிக்கிறார் எண்டு தெரியோணும்தானே?”

“தெரிஞ்சு என்ன செய்யப் போறாய்? விடு. அங்க போனா உனக்குத்தான் மனவருத்தம்.”

அசனா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். “உம்மா, குசினிக்கு வாங்க. ஒரு கதை.”

“இஞ்சயே சொல்லு. மாமா என்ன பிற ஆளா?”

அசனா மாமாவைப் பார்த்தாள். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் இவர் முன்னால் கொட்ட அவளுக்கு மனமில்லை. பாதியை மட்டும் சொன்னாள்.

“அங்க ஒரு கல்யாணமாம். பதினெட்டாந் தேதி. மாமியின்ட வீட்டில. அதுக்குத்தான் வாப்பா போறார். எனக்கில்ல.”

சுண்ணாம்பு தடவிய விரல் நின்றது.

“அந்தப் புள்ளைக்கு இன்னும் கல்யாணம் ஆகேல்லயா?” என்றார் ஸைனுலாப்தீன்.

சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கிற்று. வெற்றிலையை அவசரமாக மடித்து வாய்க்குள் வைத்தார்.

ஸுல்பிகா தமையனின் முகத்தைப் பார்த்தபடியே மெல்ல நிமிர்ந்து இருந்தாள்.

“எந்தப் புள்ளைக்கு, காக்கா?”

“ஆரோ... அவரின்ட சொந்தத்தில...”

“நீங்க அம்பாந்தோட்டைக்குப் போனதே இல்லயே. அங்க இருக்கிற ஒரு புள்ளைக்குக் கல்யாணம் ஆகேல்லை எண்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது புள்ள...”

“அசனா, மிச்சத்தைச் சொல்லு. நீ பாதியை வாயில வச்சிருக்கிறாய்.”

அசனா சொன்னாள். பெயரையும் சொன்னாள். ‘எந்த மகள்’ என்று அந்தக் குரல் கேட்டதையும் சொன்னாள்.

ஸுல்பிகாவுக்கு அழுகை வரவில்லை. அவள் வேறு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். ஜுனைத் முன்னரே ஒரு தடவை கல்யாணம் முடித்தவர் என்பது அவளுக்குத் தெரியும். நிக்காஹ் பேசும்போதே காக்கா சொல்லியிருந்தார். பிரசவத்தில் தாய் மவுத்தாகிப் போனாள், பிள்ளையும் கூடவே போய்விட்டது, மனிதர் தனிக்கட்டை, நல்ல வேலை, வேறு என்ன வேண்டும்?

“புள்ளையும் மவுத்து எண்டு சொன்னது நீங்கதானே, காக்கா?”

ஸைனுலாப்தீன் முற்றத்தைப் பார்த்தார்.

“நான் இருபத்திரெண்டு வருசமா அந்தத் தாய்க்கும் புள்ளைக்கும் பாத்திஹா ஓதுறன். உசிரோட இருக்கிற புள்ளைக்கு. ஒவ்வொரு வருசமும் சோறாக்கி, சாம்பிராணி போட்டு. நீங்களும் வந்து இருந்து தின்னீங்களே!”

“ஸுல்பிகா, உனக்கு அப்ப பத்தொம்பது வயசு. வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப் போய்க்கொண்டிருந்த நேரம். மாத்தாள் புள்ளையை வளர்க்கோணும் எண்டா நீ சம்மதிப்பியா? வாப்பாதான் சம்மதிப்பாரா? நான் உன்ட நல்லதுக்குத்தான்...”

“அவருக்கு என்ன சொன்னீங்க?”

ஸைனுலாப்தீன் வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். நாலரைக்குச் சங்கு ஊதியது. மூன்று பேரும் அதே இடத்தில் இருந்தார்கள். அசனா ஒரு தடவை எழுந்து தேத்தண்ணி ஊற்றினாள். ஒருவரும் தொடவில்லை.

படலையைத் திறந்த ஜுனைத் மச்சானைக் கண்டதும் நின்றார். பிறகு மனைவியின் மடியில் கிடந்த கடிதத்தைக் கண்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“ரஹினாவுக்கு எத்தினை வயசு?” என்று ஸுல்பிகா கேட்டாள்.

அவர் படிக்கட்டிலேயே இருந்துவிட்டார்.

“இருபத்துநாலு.”

“கொழும்பில கந்தோர் வேலை எண்டு போறதெல்லாம் அங்கதானா?”

“ஓம்.”

“வேற ஏதும் ஒளிச்சிருக்கிறீங்களா?”

“இல்ல. இது ஒண்டுதான்.”

“இது ஒண்டு போதாதா?” என்றாள். குரல் உயரவில்லை. “என்னை அங்க கூட்டிக்கொண்டு போய் என்ன செய்யப் பார்த்தீங்க? கல்யாண வீட்டில கொண்டுபோய் நிப்பாட்டி, இதுதான் என்ட மகள் எண்டு காட்டவா?”

“அது தாத்தா எழுதினது. அந்தக் கடிதத்தில இருக்கு. கடல் பார்க்கக் கூட்டி வா, புள்ளையை நேரில கண்டாப் பிறகு ஒருத்தருக்கும் கோவம் வராது எண்டு எழுதியிருக்கிறா. இஞ்ச வச்சுச் சொன்னா நீ வரமாட்டாய் எண்டு நான் பயந்தன். வலியின்ட சம்மதத்தை எழுதித் தபால்ல அனுப்பலாம் எண்டும் பார்த்தன். ரஹினா ஏலாதெண்டுட்டா.”

“நிக்காஹ் நடந்த அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!”

ஜுனைத் தலையை நிமிர்த்தி மச்சானைப் பார்த்தார். ஸைனுலாப்தீன் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“நிக்காஹுக்கு முதல் நாள் மச்சானிட்டக் கேட்டன். புள்ளை இருக்கிறதைப் பொண்ணுக்குச் சொன்னீங்களா எண்டு. சொன்னன், அவளுக்குச் சம்மதம், புள்ளை உங்கட தாத்தாவிட்டயே வளரட்டும், அதைப் பத்தி அவளோட கதைக்காதீங்க, மனசு நோகும் எண்டார். நான் நம்பினன். உனக்குத் தெரியும், நீ விரும்பாமத்தான் கேக்காம இருக்கிறாய் எண்டு நினைச்சன். அசனா பிறந்து, நீ முதல் தரம் பாத்திஹா ஓதினாயே, மவுத்தாப் போன அந்தக் குழந்தைக்கும் சேர்த்து எண்டு. அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது.”

“அண்டைக்காவது சொல்லியிருக்கலாம்.”

“மச்சானிட்ட ஓடினன். பிள்ளைப்பெத்த உடம்பு, நாப்பது நாள் போகட்டும் எண்டார்.”

“இருபத்திரெண்டு வருசம் நாப்பது நாளா?”

“நாப்பது கழிஞ்சு கேட்டன். இது எங்கட வாப்பா கட்டின வீடு, பொய் சொன்ன ஜாவாக்காரன் எண்டு ஊர் உங்களை வெளியால அனுப்பும், குழந்தையைத் தரமாட்டாங்க, யோசிச்சுக் கொள்ளுங்க எண்டார். நான் யோசிச்சன்.” அவர் தொப்பியைச் சுருட்டினார். “கோழை நான். அதுதான் உண்மை. இஞ்ச நான் ஜாவாக்காரன். அங்க போனா, சோனகனாப் போன ஜுனைத் எண்டுறாங்க. எந்தப் பக்கம் நிண்டு வாய் திறக்கிறதெண்டு எனக்கே தெரியாமப் போச்சு.”

“இனத்தைச் சாட்டுச் சொல்லாதீங்க, வாப்பா,” என்றாள் அசனா.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தகப்பனை இப்படிப் பேசியதில்லை.

“மாமாவும் அதைத்தான் சாட்டுறார். ஜாவா மனிசர் பொய்காரர் எண்டு இவ்வளவு காலமும் எங்களுக்குச் சொல்லித் தந்தார். பொய்யைச் சொன்னது அவர். அதைக் காப்பாத்தினது நீங்க. இதில சோனகர் எங்க, மலாய் எங்க? அங்க ஒருத்தி இருபத்துநாலு வருசமா இருந்திருக்கிறா. என்ட தாத்தா. அவவுக்கு நான் இருக்கிறது தெரியும். எனக்குத்தான் தெரியாது.”

ஸைனுலாப்தீன் தொண்டையைக் கனைத்தார். “சரி, நடந்தது நடந்து போச்சு. இப்ப என்ன? அவர் போய்க் கையெழுத்தை வச்சிட்டு வரட்டும். ஊருக்குத் தெரியத் தேவையில்ல. நீங்க ரெண்டு பேரும் இஞ்சயே இருங்க. கலீலின்ட விஷயத்தைப் பிறகு...”

“கலீலின்ட விஷயம் முடிஞ்சுது, மாமா,” என்றாள் அசனா.

அவர் தங்கையைப் பார்த்தார். ஸுல்பிகா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் படலையில் சைக்கிள் மணி அடித்தது. தபால் கந்தோர்த் தந்திச் சேவகர் கனகரத்தினம். அசனாவைக் கண்டதும் பல்லைக் காட்டினார்.

“தங்கச்சி, நீங்கள் வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரத்தால வந்தது. அவசரத் தந்தி. அம்மாவின்ர பேருக்கு, எங்கட எக்ஸ்சேஞ்ச் விலாசத்தில.”

ஸுல்பிகாவின் பெயருக்கு அந்த வீட்டில் தந்தி வந்தது அதுதான் முதல் தடவை. அசனா கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கனகரத்தினம் விறாந்தையில் இருந்த முகங்களைப் பார்த்துவிட்டு, வழக்கமாகக் கேட்கிற தேத்தண்ணியைக் கேட்காமலே சைக்கிளைத் திருப்பினார்.

அம்பாந்தோட்டையிலிருந்து. ஆங்கிலத்தில் இருந்தது. அசனா ஒரு தடவை மனதுக்குள் வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்.

“ஸுல்பிகா உம்மாவுக்கு. ஒவ்வொரு பெருநாளுக்கும் உங்களுக்குக் கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இதற்காவது பதில் தாருங்கள். நீங்கள் சம்மதித்து வராமல் எனக்கு நிக்காஹ் வேண்டாம். ரஹினா.”

ஸுல்பிகா கையை நீட்டித் தந்தியை வாங்கினாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் கடைசிச் சொல்லை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்தக் கடிதம்?” என்றாள். “எனக்கு ஒரு கடிதமும் வரேல்ல.”

“எனக்கும் தெரியாது,” என்றார் ஜுனைத். “சத்தியமா ஸுல்பிகா. நான் போற நேரமெல்லாம் உம்மா சுகமா எண்டு மட்டும் கேப்பா. கடிதம் எழுதினதைச் சொன்னதேயில்ல.”

“எந்த விலாசத்துக்கு எழுதியிருப்பா? இந்த வீட்டு விலாசம் அவவுக்குக் குடுத்தீங்களா?”

“நான் குடுக்கேல்ல. எனக்கு எழுதுறதெல்லாம் டொக்யார்டுக்குத்தான். உனக்கெண்டு தாத்தாவிட்ட இருக்கிறது நான் நிக்காஹ் முடிச்ச புதுசில குடுத்த விலாசம்தான். பொண்ணு வீட்டு விலாசம் எண்டு ஒண்டு.”

“அது எது?”

ஜுனைத் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அந்த நிமிடத்தில்தான் விளங்கியது போலிருந்தது.

“மூதூர்,” என்றார். “மச்சானின்ட கடை.”

ஸைனுலாப்தீன் எழும்பிச் சால்வையை உதறித் தோளில் போட்டார். சுவரில் சாத்தியிருந்த குடையை எடுத்தார். “கடைசி லோஞ்சுக்கு நேரமாச்சு. நான் வாறன். மற்றதை நாளைக்குக் கதைப்பம்.”

ஸுல்பிகா அவருக்கு முன்னால் போய் வாசல் நிலையில் நின்றாள். அவள் மெலிந்த பெண். அவர் ஆறடி. ஆனாலும் அவர் நின்றார்.

“அசனா, ஒரு கடுதாசி எடு. தந்திக்குப் பதில் எழுது. வாறன் எண்டு எழுது. தங்கச்சியும் வாறா எண்டு எழுது. கீழ உம்மா எண்டு போடு.”

“பேர் போட வேண்டாமா?”

“உம்மா எண்டாப் போதும்.”

படிக்கட்டில் இருந்த ஜுனைத் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார். ஸுல்பிகா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு என்ன தீர்ப்பு என்பதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. பதினாறாந் தேதி பஸ்ஸில் அவர் பக்கத்தில் இருப்பாளா, மகள் பக்கத்தில் இருப்பாளா என்பதுகூடத் தெரியாது. இப்போது அவள் கண் தமையன் மீதே இருந்தது.

“லோஞ்ச் போகட்டும், காக்கா. ஒரு சின்னப் புள்ள பெருநாளுக்குப் பெருநாள் எனக்கு எழுதியிருக்கு. எரிச்சீங்களா, வச்சிருக்கீங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

துறைமுகப் பக்கத்திலிருந்து லோஞ்சின் மணி கேட்டது. ஸைனுலாப்தீன் குடையைச் சுவரோடு சாத்திவிட்டு, மறுபடியும் கதிரையில் இருந்தார்.